ரேடியேட்டரில் கறிவேப்பிலை

நகரி கடைத்தெருவில் எல்லைப் போராட்ட ஊர்வலத்தை நடுவழியில் நிறுத்தியவன் நான்தான். போலீஸ்காரர்கள் ஒரு வாரமாக முயன்றும் அவர்களால் முடியாத காரியம் அது.

ஆந்திரம் தனி ராஜ்யமாகி மூன்றாவது சித்திரை. எங்கள் பக்கத்து ஊர்களைச் சென்னையோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலம். முன்னால் ஒரு கார் போனால் கம்பீரமாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். யாரோ என்ன, நான்தான் சொன்னேன். காரும் நான் ஓட்டிக்கொண்டிருந்த கார்தான், என் அக்கா செங்கம்மாவுடையது. அவளைக் கேட்காமல் எடுத்துப் போனேன் என்று ஊரில் சொல்வார்கள், அது பொய். கேட்டேன். ஊர்வலத்தில் மெதுவாகப் போக வேண்டியிருக்கும், வண்டி கொதித்துவிடும், வேண்டாம் என்றாள். அவள் அவ்வளவு நேரம் பேசியதே சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

'எங்கள் ஊர் எங்களுக்கே' என்று ஆறு முழக் காடாத் துணியில் எழுதி, காரின் முகத்தில் இழுத்துக் கட்டினேன். எழுத்து காற்றில் சுருங்கக் கூடாதென்று துணிக்குக் கஞ்சியும் போட்டிருந்தேன். அந்தத் துணிக்குப் பின்னால்தான் ரேடியேட்டர் இருக்கிறது, அந்த வழியாகத்தான் கார் மூச்சு விடுகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்த விஷயங்கள் கோஷம் போடும்போது ஞாபகத்துக்கு வருவதில்லை.

நடக்கிறவர்கள் வேகத்தில் ஒன்றரை மணி நேரம் ஓட்டினேன். கடைத்தெரு முனையில் பானெட்டிலிருந்து வெண்புகை எழும்பியது. சுற்றிலும் பார்த்தேன். கைக்கெட்டும் தூரத்தில் ஈரமாக இருந்தது தண்ணீர்ப் பந்தலின் நீர்மோர்ப் பானை ஒன்றுதான். துணியால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து இரண்டு செம்பு மோர் ஊற்றினேன். உள்ளே வெண்கலத் தட்டு கீழே விழுந்த மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. பின்னால் வந்தவர்கள் என்மேல் வந்து முட்டிக்கொண்டார்கள். விஷயம் தெரியாத ஒருவர் ஜே போட்டார்.

இரண்டு ஜோடி மாடு கட்டிக் காரை ஊருக்கு இழுத்து வந்தோம். எங்கள் ஊர் நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில். வழியில் பார்த்தவர்கள் இதுவும் போராட்டத்தில் ஒரு முறை என்று நினைத்துக் கைதட்டினார்கள். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். துணியை அவிழ்த்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். திட்டவில்லை.

திட்டியிருந்தால் விஷயம் சின்னது என்று அர்த்தம். விஷயம் சின்னதில்லை. அந்தக் கார் அக்காவின் புருஷன் ஏகாம்பரம் மாமாவின் கார். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், பெயர்த் தகடு என் காலத்துக்கு முன்பே விழுந்துவிட்டது. புத்தூர் ரயிலடியில் வாடகைக்கு ஓடுகிற வண்டி. எலும்பு முறிந்தவர்கள் எங்கெங்கிருந்தோ புத்தூர்க் கட்டுப் போட வந்து இறங்குவார்கள், அவர்களைக் கட்டுப் போடுகிற ஊருக்குக் கொண்டுபோய் விடுவது காலை வேலை. மத்தியானத்துக்கு மேல் வடமாலபேட்டை வழியாகத் திருப்பதி சவாரி. இரண்டு வருஷத்துக்கு முன் மாமா விஷக் காய்ச்சலில் போய்விட்டார். வண்டியும் பர்மிட்டும் அக்கா பெயருக்கு வந்தன. ஓட்டுகிற வேலை எனக்கு வந்தது. தம்பி என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இருந்ததாகச் சொல்ல முடியாது.

வைகாசி பத்தாம் தேதி வண்டியைச் சித்தூரில் பிரேக் இன்ஸ்பெக்டர் முன் ஓட்டிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பர்மிட் போய்விடும். அதே பர்மிட்டைத் தன் பெயருக்குக் கேட்டு மாமாவின் தம்பி சிவசங்கரன் எழுதிப் போட்டிருந்தான். அவன் திட்டத்தில் அக்காவுக்கும் இடம் இருந்தது. அவன் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை, இரண்டு வேளைச் சோறு, அவன் பிள்ளைகளின் துணி துவைக்கிற உரிமை. இதை அவன் தர்மம் என்று நம்பினான். அதுதான் கஷ்டம், கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

பத்தாம் தேதிக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

மறுநாள் புத்தூர் ஷெட்டுக்குப் போனேன். ஷெட் முதலாளி சிவசங்கரனின் கூட்டாளி. வண்டி உள்ளே வரக் கூடாது என்று முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டான். அங்கே வேலை செய்கிற மெக்கானிக் சிட்டிபாபு மட்டும் பின்பக்கமாக வந்து, ஒரு கோணிப்பையில் ஸ்பானர்களைப் போட்டுக் கொடுத்தான். சிட்டிபாபு பாதித் தமிழிலும் பாதித் தெலுங்கிலும் யோசிக்கிறவன், அவனை எந்த ராஜ்யத்தில் சேர்ப்பது என்று எந்தக் கமிட்டியாலும் சொல்ல முடியாது.

"ஊட்டாண்டயே பிரிச்சிப் போடு நைனா. ஞாயித்துக்கிழமை நான் வந்து சூஸ்தா" என்றான்.

ஓடுமா என்று கேட்டேன்.

"ஓடறதும் ஓடாததும் தேவுடுக்குதான் தெலுசு" என்றான். அந்த வருஷம் யாரைக் கேட்டாலும் இதே மாதிரித்தான் பதில். புத்தூர் எந்தப் பக்கம் போகும் என்று தாலுகா ஆபீசில் கேட்டால், மேலிடத்தில் யோசிக்கிறார்கள் என்பார்கள். மேலிடம் எந்தப் பக்கம் என்றால் அதையும் யோசிப்பார்கள்.

மாட்டுக் கொட்டகையை ஒட்டிய வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினோம். பானெட்டைக் கழற்றினோம், ரேடியேட்டரைக் கழற்றினோம். கிணற்று ராட்டினத்தை வேப்பங்கிளையில் கட்டி, கிணற்றுக் கயிற்றாலேயே இன்ஜினின் மேல் மூடியைத் தூக்க ஏற்பாடு. நட்டுகளில் இரண்டு அசையவில்லை, ஒருநாள் பூரா மண்ணெண்ணெயில் ஊறவைத்துத்தான் திறந்தோம். எந்த நட்டு எந்தப் பக்கம் திரும்பும், எதைத் தொட்டால் எது விழும் என்று அக்காவுக்குத் தெரிந்திருந்தது. மாமா பிரிக்கிறபோதெல்லாம் விளக்குப் பிடித்தேன் என்றாள். மாமா பிரிக்கிறபோதெல்லாம் நானும் அங்கேதான் இருந்தேன். நான் அவருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கயிற்றின் ஒரு நுனியில் நான், ஆடுகிற மூடியைப் பிடித்துக்கொண்டு அவள். நல்ல சமயம் என்று கேட்டேன். "யக்கா, வண்டி ரெடியாச்சின்னா நான்தான ஓட்டுவேன்?"

"கயித்தப் புடி" என்றாள்.

சாமான்கள் கலந்துவிடாமலிருக்க அக்கா ஒரு முறை வைத்திருந்தாள். நாலு சிலிண்டருக்கு நாலு முறம். முதல் சிலிண்டரின் பிஸ்டன், வால்வு, ஸ்பிரிங் எல்லாம் முதல் முறத்தில், இப்படியே நாலும். பார்க்கக் கல்யாண வீட்டு வரிசைத் தட்டு மாதிரி அழகாக இருந்தது. முறங்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஆனால் எங்கள் பக்கத்தில் முறம் வெளியே வந்தால் அது தங்களுக்கு என்பது கோழிகளின் நம்பிக்கை. நான் ஒரு பீடி பற்றவைக்கிற நேரத்தில் சிவப்புப் பெட்டை ஒன்று மூன்றாம் முறத்தில் ஏறி, வால்வைப் பிடித்து நிறுத்துகிற, துவரம்பருப்பு அளவுள்ள இரும்புச் சில்லு ஒன்றை விழுங்கிவிட்டது. அன்றைக்குக் கோழிக் குழம்பு. இரைப்பைக்குள் பொடிக் கற்களோடு சில்லு இருந்தது, கம்பெனியில் செய்தபோதுகூட அவ்வளவு பளபளப்பாக இருந்திருக்காது. அக்கா அதைக் கழுவி மூன்றாம் முறத்தில் வைத்துவிட்டு, முறத்துக்கு மேல் சாணிக்கூடையைக் கவிழ்த்தாள். எனக்கு ஒரு துண்டு கூடுதலாக வைத்தாள். அதைக் கோபம் போய்விட்டதற்கு அடையாளம் என்று நினைத்து மறுபடி கேட்டேன். "துன்னு" என்றாள்.

இன்ஜினைத் துடைக்க அவள் எடுத்தது என் காடாத் துணியைத்தான். 'எங்கள் ஊர்' வரைக்கும் கரியாகிவிட்டது. 'எங்களுக்கே' மட்டும் கொஞ்ச நாள் வெள்ளையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சிட்டிபாபு வந்தான். ரேடியேட்டரைத் தலைகீழாகப் பிடித்துக் கிணற்றுத் தண்ணீர் விட்டு அலசினான். முதலில் துரு வந்தது. அப்புறம் கடுகு வந்தது. அப்புறம் ஓர் இஞ்சித் துண்டும், முழுசாக, பச்சை மாறாமல், ஒரு கறிவேப்பிலைக் கொத்தும் வந்தன. அவன் அந்தக் கொத்தைக் காம்போடு தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தான்.

"உப்பு சரியா போட்டிருந்தாங்களா" என்று கேட்டான்.

பிறகு வேடிக்கை நின்றுவிட்டது. இன்ஜினின் மேல் மூடியைத் திருப்பிப் போட்டு, அதன் முகத்தில் இரும்பு ஸ்கேலைக் குத்தாக வைத்தான். ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. சூட்டின்மேல் குளிர்ந்த மோர் பட்டதில் மூடி கோணிவிட்டது. இப்படியே பூட்டினால் காற்றும் தண்ணீரும் ஒன்றாகிவிடும், வண்டி நாலு அடி நகராது. சென்னைக்கு அனுப்பி மெஷினில் தேய்த்து வர ஒரு மாதம். எங்களுக்கு இருந்தது பதினோரு நாள். வீட்டிலேயே தேய்க்க முடியாதா என்று அக்கா கேட்டாள். முடியும், ஆனால் மேடு பள்ளமே இல்லாத ஒரு பரப்பு வேண்டும், கருங்கல் ஆகாது, சிமெண்டுத் தரை ஆகாது, கனத்த கண்ணாடியாக இருந்தால்தான் உண்டு, அது ஊரில் யார் வீட்டில் இருக்கிறது என்றான் சிட்டிபாபு.

அக்கா எழுந்து உள்ளே போனாள். வரும்போது நிலைக்கண்ணாடியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அது அவள் கல்யாணத்தில் வந்த கண்ணாடி. தேக்குச் சட்டம், விரல் கனம். மாமா செத்த பதினாறாம் நாள் சிவசங்கரன் அதைச் சுவர் பக்கமாகத் திருப்பி மாட்டினான். புருஷன் போனவள் கண்ணாடி பார்க்கக் கூடாதென்பது வழக்கம், அவனாக உண்டாக்கியதில்லை. இரண்டு வருஷமாக அந்தச் சுவரில் ஒரு பலகையின் முதுகுதான் தெரிந்தது. நானும் தினம் அதைத் தாண்டித்தான் சோற்றுக்குப் போனேன். ஒருநாளாவது திருப்பி மாட்டலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஊர் எல்லையை மாற்றப் போன ஆள் நான்.

மணலைச் சலித்துப் பரப்பி, அதன்மேல் கண்ணாடியை மல்லாத்தினோம். அக்கா குனிந்து தலைமயிரை ஒதுக்கிக்கொண்டாள், கண்ணாடியில் பார்த்துத்தான். பிறகு வால்வு தேய்க்கிற பசையை எடுத்து நடுவில் அப்பினாள்.

ஆறு நாள் தேய்த்தோம். எதிரெதிரே உட்கார்ந்து, மூடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மாவாட்டுகிற மாதிரி சுற்றிச் சுற்றி. அவ்வப்போது துடைத்து, சட்டிக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துக் கண்ணாடியில் பூசி, மூடியை வைத்து எடுத்துப் பார்ப்போம். கரி ஒட்டிய இடம் மேடு. முதல் நாள் இரண்டு ஓரத்தில் மட்டும் கரி. ஊர்ப் பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். தாலியறுத்தவள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்று முதல் நாள் பேச்சு. மூன்றாம் நாள் இன்னும் எத்தனை நாளாகும் என்று கேட்டார்கள்.

நாலாம் நாள் சிவசங்கரன் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னா அண்ணி இது. கண்ணாடியத் திருப்பி வெச்சது நானு" என்றான்.

"நீ திருப்பி வெச்ச. நான் படுக்க வெச்சிட்டேன்" என்றாள் அக்கா, கை நிற்காமல்.

அவன் என்னைப் பார்த்தான். நான் மூடியைப் பார்த்தேன். ஊர் சிரிக்கிறது, குடும்ப மானம் போகிறது, நான் சோறு போட மாட்டேன் என்றா சொன்னேன் என்று அவன் பேசிக்கொண்டே போனான். கடைசியில், வண்டி ஓடினாலும் யார் ஏறுவார்கள், இந்த மோர்க்காரன் ஓட்டுகிற வண்டியில், என்றான்.

"அவன் ஓட்டப் போறதில்ல."

என் கை நின்றுவிட்டது.

"பின்ன?"

"நான்."

சிவசங்கரன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. நானும் முயன்றேன், எனக்கும் வரவில்லை. வற்றின ஏரிக்குள் மாமா தனக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தது அவனுக்குத் தெரியாதா என்று அக்கா கேட்டாள். எனக்கும் தெரியாது என்று நான் சொல்லவில்லை.

"ஏழுமலையானைப் பாக்கப் போறவன், கெளம்பறப்போ உன் மூஞ்சில முழிச்சிட்டு வண்டி ஏறுவானா அண்ணி?"

அக்கா மூடியை மெதுவாகக் கீழே வைத்தாள். "ஏறாதவன் நடந்து போவட்டும். கை கால் ஒடிஞ்சி கட்டுக்கு வர்றான் பாரு, அவன் சகுனம் பாக்க மாட்டான். அவனுக்கு வர வேண்டிய கெட்ட சகுனம் வந்துட்டுதான் ரயிலேறி இருக்கிறான்."

சித்தூரில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அவன் போனான். அவன் தலை மறைந்ததும் நான், சும்மா அவனை மிரட்டத்தானே சொன்ன, ஓட்டப் போறது நான்தானே என்று கேட்டேன்.

"தேய்" என்றாள்.

ஆறாம் நாள் மாலை மூடியின் முகம் பூராவும் ஒரே சீராகக் கரி ஒட்டியது. கண்ணாடி பனி மூடின மாதிரி வெளுத்துப் போயிருந்தது, அதில் இனி யாரும் முகம் பார்க்க முடியாது. மூடிக்கும் இன்ஜினுக்கும் இடையில் வைக்கிற செப்புத் தகட்டை லாரி டிரைவர் ஒருவர் சென்னையிலிருந்து எல்லை தாண்டிச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். சட்டைக்குள் வைக்க அவசியமே இல்லை, அவருக்கு அப்படித் தோன்றியிருக்கிறது. சிட்டிபாபு வந்து முறம் முறமாகப் பூட்டினான். மூன்றாம் முறம் வரும்போது கோழிக்கு ஒரு நிமிஷம் மௌனம் அனுஷ்டித்தான்.

பத்தாம் தேதிக்கு இரண்டு நாள் முன்பு, முன்பக்கம் கைப்பிடியைச் செருகிச் சுற்றுகிற கௌரவத்தை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஓட்டுபவர் இடத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள். கட்டை விரலை மடக்காமல் பிடி, திருப்பி அடிக்கும் என்றாள். இதுவும் தெரிந்த விஷயம்தான். முதல் சுற்று ஒன்றுமில்லை. இரண்டாவது ஓர் இருமல். மூன்றாவது சுற்றில் ஊரே பார்க்கிறது என்ற உற்சாகத்தில் கட்டை விரலை மடக்கிப் பலமாகச் சுற்றினேன். இன்ஜின் பிடித்துக்கொண்டது. கைப்பிடி திருப்பி அடித்து என் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டது.

கருகின மோர் வாசனையோடு இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா இறங்கவில்லை, அணைக்கவும் இல்லை. எட்டிக் கதவைத் திறந்து, "ஏறு" என்றாள். புத்தூர்க் கட்டுப் போடுகிற இடத்துக்கு அவளே ஓட்டிப் போனாள். அப்படியாக, என் அக்காவின் முதல் சவாரி நான். வழியெல்லாம் வலியில் கத்திக்கொண்டிருந்ததால் சகுனம் பார்க்க ஞாபகம் வரவில்லை.

பத்தாம் தேதி சிட்டிபாபு ஷெட்டுக்கு லீவு போட்டுவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டு சித்தூருக்கு வண்டி ஓட்டினான். முதலாளி கேட்டால் என்ன சொல்வாய் என்றேன். அவன் கேட்பதற்குள் நானே சொல்லிவிட்டேன் என்றான். கார்வேட்டிநகரம் தாண்டி மேட்டில் ஏறும்போது மூன்று பேரும் இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். கொதிக்கவில்லை.

ஆபீஸ் மைதானத்துப் புளியமரத்தடியில் சிவசங்கரன் வெள்ளைச் சட்டையில் காத்திருந்தான். பிரேக் இன்ஸ்பெக்டர் வயதானவர், நிதானமானவர். வண்டியை ஓட்டிப் பார்த்தார், நிறுத்திப் பார்த்தார், பானெட்டைத் திறந்து காதைச் சாய்த்துக் கேட்டார். எந்த ஷெட்டில் வேலை பார்த்தது என்றார். "ஊட்ல" என்றாள் அக்கா. அவள் நகக் கண்களில் கரி இன்னும் போகவில்லை. அவர் அந்த விரல்களைப் பார்த்துவிட்டு வேறு கேள்வி கேட்காமல் முத்திரை போட்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா. புத்தூர் சென்னைக்குப் போய்விட்டால் இந்தப் பர்மிட் செல்லுமா சார் என்று கேட்டேன். அது அப்போது பார்க்க வேண்டியது என்று அவர் தெலுங்கில் சொன்னார். சென்னை ஆபீசில் கேட்டிருந்தால் இதையே தமிழில் சொல்லியிருப்பார்கள்.

அக்கா நகரவில்லை. எனக்கு லைசென்ஸ் வேண்டும் என்றாள். இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். புளியமரத்தடியிலிருந்து சிவசங்கரன் இரண்டடி முன்னால் வந்தான். இன்ஸ்பெக்டர் விதிப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பெண் ஓட்டக் கூடாது என்றோ புருஷன் இல்லாதவள் ஓட்டக் கூடாது என்றோ அதில் எழுதியிருக்கவில்லை போலிருக்கிறது. புத்தகத்தை மூடிவிட்டு, மைதானத்தை இரண்டு சுற்று, பிறகு அந்த இரண்டு கல்லுக்கு நடுவே பின்னால் விட வேண்டும் என்றார். அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு ஏறினாள். கல்லுக்கு நடுவில் விட்டபோது இரண்டு பக்கமும் சரியாக ஒரு சாண் இடம் இருந்தது. நான் விட்டிருந்தால் அங்கே ஒரு கல்தான் மிச்சம் இருந்திருக்கும். திரும்பிப் பார்த்தேன், புளியமரத்தடியில் யாரும் இல்லை.

காகிதத்தில் கையெழுத்தாகி வந்தது. சிட்டிபாபு தானாகவே பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். நான் வழக்கம்போல ஓட்டுபவர் பக்கத்துக் கதவுக்குப் போய், அங்கே அக்கா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, கதவைப் பிடித்தபடியே நின்றேன். கட்டுப் போட்ட கையை ஜன்னலில் வைத்தேன், பார்க்கிறவர்களுக்கு இரக்கம் வரட்டும் என்று.

"யக்கா, கை சேர்றதுக்கு இன்னும் ஒரு மாசம். அதுக்கப்புறம் நான்தான ஓட்டுவேன்?"

கயிற்றைப் பிடி, துன்னு, தேய் என்று ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். அக்கா இன்ஜினை அணைத்தாள். என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இல்ல கோவர்த்தனா. இனிமே நீ ஓட்ட மாட்ட. உனக்கு வண்டி ஓட்ட வராது, மாமா இருக்கும்போதே வராது. உன்னை உட்டுட்டுப் போவ மாட்டேன், அந்தாண்ட வந்து உக்காரு. தண்ணி ஊத்துறது உன் வேல. வெறும் தண்ணி."